பாட்டு நின்றால் கால் நிற்கும்

பாரிஸ் லா சப்பலில் பாவற்காய் வாங்க வருகிறவர்களை நான் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். சீனி வியாதிக்காக வாங்குகிறவர்கள் ஒரு வகை. மனைவிக்குப் பயந்து வாங்குகிறவர்கள் மற்ற வகை. மரக்கறிக் கடையில் இத்தனை வருடம் நின்றவனுக்கு இந்தக் கணிப்பு பிழைக்காது என்றுதான் நினைத்திருந்தேன். ஆசைப்பட்டு வாங்குகிற மூன்றாவது வகையும் உலகத்தில் உண்டு என்று எனக்குக் காட்டியவர் தமிழர் அல்லர். பார்த்தால் யப்பான்காரர் போல இருந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி.

சனிக்கிழமை காலையில் வருவார். பெட்டிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு காயாக எடுப்பார், மணந்து பார்ப்பார், முதுகைத் தடவுவார். எங்கள் சனம் தேங்காயைத் தட்டிப் பார்க்கிற கவனம் அவருக்குப் பாவற்காயில் இருந்தது. ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன், "மதாம், உண்மையாகவே இதைச் சாப்பிடப்போகிறீர்களா?" என்று.

அவருடைய பிரெஞ்சும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. ஆகவே இருவருக்கும் நன்றாக விளங்கியது. தான் ஒக்கினாவாவில் பிறந்தவர் என்றார். அந்தத் தீவுகள் முன்பு ரியூக்யூ என்ற தனி இராச்சியமாக இருந்தனவாம். அங்கே பாவற்காய் இல்லாமல் ஒரு கோடைகாலமே கிடையாதாம். முட்டையோடு வறுப்பார்களாம். எங்கள் முதலாளி கல்லாவில் இருந்தபடியே, "ஆள் யப்பான், நாக்கு யாழ்ப்பாணம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவர் காய் பொறுக்கும்போது முணுமுணுப்பார். வாய் திறக்காமல், மூக்குக்குள் ஒரு பாட்டு. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. யாராவது பாடினால் என் விரல்கள் என்னைக் கேட்காது. நான் சேர்ச் கூத்தில் மத்தளம் அடிக்கிறவன், பிற்பாட்டும் பாடுகிறவன். தற்பெருமை என்று சொன்னாலும் பரவாயில்லை, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கூசேன்வில்லில் நான் பாடினால் விமானத்தில் இறங்குகிறவனுக்கும் கேட்கும். அன்றைக்கு முருங்கைக்காய் வந்த வெறும் பெட்டி ஒன்று பக்கத்தில் இருந்தது. அவர் முணுமுணுக்க, நான் பெட்டியில் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் சட்டென்று நிறுத்திவிட்டுத் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தார்.

"இன்னொரு முறை," என்றார்.

தட்டினேன். கொஞ்சம் வடிவாகவே தட்டினேன். கடைசியில் ஒரு உருட்டும் உருட்டி விட்டேன். அவர் பாவற்காய்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோசித்தார். தங்களிடம் ஒரு சின்ன நாடகக் குழு இருக்கிறது, மேளம் வாசித்தவர் ஊருக்குத் திரும்பிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குச் சென் தெனிக்கு வரமுடியுமா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பூசை முடிய வருகிறேன் என்று உடனேயே சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாவற்காய் வாங்க வந்த மனிசி இப்ப உங்களையும் வாங்கிக்கொண்டு போகுது," என்றா. "வித்தவைக்கு நல்ல லாபம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போன மண்டபம், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த சின்னச் 'சால்'. மூன்று பேர் இருந்தார்கள். அந்த அம்மா, அவருடைய கணவர், பல்கலைக்கழகத்தில் படிக்கிற அவர்களுடைய மகள். அம்மாவின் மடியில் மூன்று நரம்பு கட்டிய வாத்தியம் ஒன்று இருந்தது. சன்ஷின் என்றார். அதன் முகத்துக்குப் போர்த்தியிருந்தது பாம்புத் தோல் என்று மகள் சொன்னதும் நான் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டேன். முறைப்படி வேறு நரம்பு வாத்தியங்களும் குழலும் இருக்க வேண்டுமாம். பாரிசில் அவர்களிடம் இருந்தது அம்மாவின் சன்ஷினும், இனிமேல் நானும்.

இந்த நாடகத்துக்குக் குமி ஓடோரி என்று பெயர். ரியூக்யூ அரசர்களின் காலத்தில், கடல் கடந்து வந்த விருந்தாளிகளுக்காக அரண்மனையில் ஆடிய நாடகம். அரண்மனை என்றதும் எனக்கு உற்சாகம் வந்தது. எங்கள் கூத்திலும் ராசாக்களுக்குப் பஞ்சமில்லையே. ராசா வரும்போது மத்தளம் சும்மா இருந்தால் ராசாவே கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார். அவர் குதித்து வந்து, தான் இன்னார் என்று தானே பாடி, கடைசி அடியை நாங்கள் பிற்பாட்டாக எடுத்துத் திருப்பிப் பாடி, மத்தளம் அதிர்ந்து, பிறகுதான் கதை தொடங்கும்.

இங்கே முதலில் என்னைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். மெல்லிய துணித் திரை. எங்களுக்கு மேடை தெரியும், மேடைக்கு எங்களைத் தெரியாது. பாடுகிறவரும் வாசிக்கிறவரும் அங்கேதான் இருக்க வேண்டுமாம். என் முகம் இருண்டதை அந்த அம்மா கவனித்திருக்க வேண்டும். "முசியே, உங்கள் கை எல்லோருக்கும் கேட்கும்," என்று ஆறுதல் சொன்னார். பிறகு பாடத் தொடங்கினார்.

கணவர் ஓரத்தில் இருந்து வந்தார். வீட்டு உடுப்பு, வெள்ளைக் காலுறை. பாதத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, தண்ணீர்க் குடத்தோடு வருகிறவர் போல ஆடாமல் அசையாமல் வந்தார். ஒரு கால் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தது. நடு மண்டபத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். பாட்டு போகிறது, அவர் நிற்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. கையும் அசையவில்லை. மனுசன் மறந்துவிட்டார்!

கூத்தில் ஆடுகிறவன் மறந்துபோய் நின்றால், அவனைக் காப்பாற்ற வேண்டியது மத்தளக்காரன் கடமை. சனத்துக்குத் தெரியாமல் படபடவென்று உருட்டி, அந்தச் சத்தத்துக்குள் அடியை எடுத்துக் கொடுக்க வேண்டும். அடி எனக்குத் தெரியாது, உருட்டத் தெரியும். கொடுத்திருந்த இரண்டு குச்சிகளாலும் அரண்மனையே இடியும்படி உருட்டினேன்.

அவர் அப்படியே ஆடிப்போனார். உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. மகள் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள். அம்மா பாட்டை நிறுத்தினார். நான் குச்சிகளை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தேன்.

அவரைக் கதிரையில் இருத்திவிட்டு மகள்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா றுவாசி விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை செய்தவர். எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் செய்கிற அதே வேலை. போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது, திரும்பவில்லை. சொல்வதெல்லாம் விளங்கும், பதில் மட்டும் வராது. வலது கால் பாரமாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு தரம் 'கினே' என்கிற இயன்முறை வைத்தியரிடம் பயிற்சி. தடியோடு நடப்பார். தடி இல்லாமல் நாலைந்து அடி வைப்பார், பிறகு கால் தரையோடு ஒட்டிக்கொண்டு விடும்.

"அம்மா ஒருநாள் குசினியில் பாவற்காய் வெட்டிக்கொண்டே பாடினா," என்றாள். "அப்பா கதவில் இருந்து ஜன்னல் வரைக்கும் தடி இல்லாமல் நடந்தார். அம்மா அதைப் பார்த்து அதிசயப்பட்டுப் பாட்டை நிறுத்தினா. அவரும் நின்றுவிட்டார்."

அம்மா மறுபடி பாடினாராம். அவர் மறுபடி நடந்தாராம். பாட்டு நின்றால் கால் நிற்கும். அப்படித்தான் இந்த நாடகம் தொடங்கியது.

கணவர்தான் அந்தக் குழுவின் நடிகர். பதினைந்து வருடமாக ஆடியவர். இனி எப்படி ஆடுவது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, மனைவி மட்டும் விடவில்லை. அம்மா எனக்கு விளக்கினார், "எங்கள் நாடகத்தில் வசனமும் உண்டு. ஆனால் துக்கமோ சந்தோஷமோ மிஞ்சிப் போனால் நடிகர் பேசமாட்டார், பாடவும் மாட்டார். நிற்பார், அல்லது நடப்பார். அவருடைய மனத்தை நாங்கள் இங்கே இருந்து பாடுவோம். சனம் அவரைப் பார்க்கும், எங்களைக் கேட்கும். மிச்சத்தை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள்."

அதனால் அம்மா பழைய முறைப்படி ஒரு சின்னக் கதையைத் தானே கட்டியிருந்தார். கப்பலில் போன தகப்பன் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். கடற்கரையில் மகள் காத்திருக்கிறாள். வசனம் முழுவதும் மகளுக்கு. தகப்பன் மேடை ஓரத்தில் இருந்து மகள் இருக்கும் இடம் வரைக்கும் வர வேண்டும், அவ்வளவுதான். தடி இல்லாமல்.

"யாரும் அவரைப் பாவம் என்று சொல்லக்கூடாது," என்றார். "நல்ல நடிகர் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது ஒன்று போதும்."

கோபக்காரனும் வாயாடியுமான நான், குச்சியை எப்படிப் பிடிப்பது என்று அவரிடமே பணிவாகக் கேட்டேன். என் மனைவி நம்பமாட்டா.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கையால் அடித்துப் பழகியவனுக்குக் குச்சி பிடிக்க வரவில்லை. அதைவிடக் கஷ்டம், அடிக்காமல் இருப்பது. ஒரு அடி அடித்துவிட்டு நீண்ட நேரம் சும்மா இருக்க வேண்டும். எனக்குக் கை துறுதுறுக்கும். அந்த வெறுமைக்குள் எங்கள் கூத்தின் ஒரு முழுத் தாளக்கட்டே கொள்ளும். இரண்டு சின்ன அடிகளை நைசாக உள்ளே நுழைத்துப் பார்ப்பேன். அம்மா பாடிக்கொண்டே, என்னைப் பார்க்காமலேயே தலையை ஆட்டுவார். மறுபடி முதலில் இருந்து.

வீட்டில் பானையைக் கவிழ்த்து வைத்துப் பழகினேன். டொக். பிறகு ஒன்றுமில்லை. பிறகும் ஒன்றுமில்லை. டொக். மனைவி அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்தா.

"இஞ்சேருங்கோ, பழகிறியளோ, நித்திரை கொள்ளுறியளோ?"

"இதுதான் தாளம்."

"இதுக்கோ பூசை முடிஞ்ச கையோடை சென் தெனிக்கு ஓடுறியள்? எங்கடை குசினிப் பைப்பு இதைவிட நல்லா அடிக்குமே!"

விளங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் குச்சியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய காலைப் பார்த்தேன். நான் அடிக்கும்போது அவர் உடம்பின் பாரத்தை நல்ல காலுக்கு மாற்றுகிறார். பாட்டு நீளுகிறது. நான் சும்மா இருக்கிற அந்த நேரத்தில்தான் பாரமான கால் மெல்ல இழுபட்டு முன்னுக்கு வருகிறது. வந்து சேர்ந்ததும் அடுத்த அடி. நான் நைசாக நுழைத்த இரண்டு சின்ன அடிகளும் எங்கே விழுந்தன என்று அப்போதுதான் கண்டேன். அவர் ஒற்றைக் காலில் நிற்கிற நேரத்தில். அதற்குப் பிறகு ஒரு அடியையும் நான் கூட்டவில்லை. அந்த இடைவெளி அவருடைய காலுக்கு விட்ட வழி. அதைக் காத்து வைத்திருப்பது எவ்வளவு சந்தோஷமான வேலை என்று சொன்னால், மத்தளக்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

அம்மாவின் குரல் பெரிய குரல் இல்லை. நேராகப் போகும், கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி மறையும். கொஞ்சம் சத்தமாகப் பாடலாமே என்று யோசனை சொன்னேன். "அவருக்குக் கேட்டால் போதும்," என்றார். நானும் கூடப் பாடட்டுமா என்று கேட்டேன். மேளக்காரர் பாடுவதில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் பாட்டு முழுவதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தது. அர்த்தம் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் வார்த்தை இல்லாத ஓர் இழுப்பு வரும், எங்கள் கூத்துப் பாட்டான தருவில் 'தானினா' வருகிற மாதிரி. கடையில் வெண்டிக்காய் அடுக்கும்போது அதை இழுப்பேன். முதலாளி விற்பனை குறைகிறது என்பார்.

கணவரும் நானும் நல்ல கூட்டாளிகள் ஆனோம். அவரால் பேச முடியாது, என்னால் பேசாமல் இருக்க முடியாது. பொருத்தம் என்றால் இதுதான். நான் குச்சி பிடிக்கிற விதத்தை அவர் நடித்துக் காட்டுவார், கருவாட்டுக்குக் குச்சி குத்துகிறவன் போல. என் மனைவி செய்து கொடுத்த ரோல்ஸை இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டு, மூன்றாவதைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். மகள் பிரெஞ்சில் திட்டுவாள். அவர் காது கேளாதவர் போல இருப்பார்.

இதற்கிடையில் நான் லா சப்பல் முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன். யப்பான் அரண்மனை நாடகத்தில் நான் வாசிக்கிறேன் என்று. ஒக்கினாவா என்றால் விளங்கப்படுத்த நேரமாகும், ஆகவே யப்பான். தேத்தண்ணிக் கடையில் என் மச்சான் பிடித்துக்கொண்டார். மனைவியின் தமையன். எங்கள் கூத்தின் பிற்பாட்டுக்காரருக்குத் தலைவர். தன் குரல் என்னுடையதைவிடப் பெரியது என்ற நோய் அவருக்கு உண்டு.

"என்ன வேசம் உனக்கு?"

"வேசம் இல்லை, மச்சான். வாசிக்கிறன்."

"மேடையிலையோ?"

"திரைக்குப் பின்னாலை."

அவர் வடையைக் கீழே வைத்தார். "பின்னாலையோ? அப்ப நாங்கள் வந்து துணியையோ பாக்கிறது?"

"வந்து கேளுங்கோவன்."

"வாறம், வாறம். சேர்ச்சுக்காரர் முழுப்பேரையும் கூட்டிக்கொண்டு வாறன். துணிக்குப் பொன்னாடை போத்துறம்."

சொன்னபடியே செய்தார். நாடகத்தன்று பிற்பகல், கூசேன்வில்லில் இருந்து வான்களில் வந்து இறங்கினார்கள். காஞ்சிபுரமும் கோட்டும் சூட்டும், பிள்ளைகள், வெந்நீர்ப் போத்தல், வடைப் பெட்டி. முன் வரிசைகள் எங்களுடையவை. பின் வரிசைகளில் சில பிரெஞ்சுக்காரர்கள், சில யப்பான்காரர்கள், திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி எழும்பி நின்று, "போனுகளை நிப்பாட்டுங்கோ, பிள்ளையளை மடியிலை வைச்சிருங்கோ" என்று உத்தரவிட்டது திரைக்குப் பின்னால் எங்களுக்குக் கேட்டது. அம்மா என்னைப் பார்த்து, அது யார் என்று கண்ணால் கேட்டார். "என் வீட்டு அரண்மனையின் ராணி," என்றேன். அவர் சிரித்தார். ஆனால் சுருதி சேர்த்து முடித்த சன்ஷினை மறுபடி மறுபடி மீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் கணவர் தயாராக நின்றார். கருநீல அங்கி, அகலமான கை, தலையில் துணி. தடியை அவரே சுவரில் சாய்த்து வைத்தார்.

முதலில் மகள் மேடைக்கு வந்தாள். மெல்ல உட்கார்ந்து, நீட்டி நீட்டி வசனம் சொன்னாள். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் எங்கள் சனம் ஆடாமல் கேட்டது. எங்கள் கூத்திலேயே பாதிச் சொல் விளங்காமல் கேட்டுப் பழகியவர்கள்தானே. பிறகு அம்மா மூச்செடுத்துப் பாடத் தொடங்கினார். நான் முதல் அடியை அடித்தேன்.

அவர் வந்தார்.

திரைக்கு ஊடாக எனக்கு அவர் முழுதாகத் தெரிந்தார். பழகுகிறபோது பார்த்த மனுசன் இல்லை. என்னைக் கேலி செய்கிற, ரோல்ஸ் திருடுகிற கூட்டாளி இல்லை. தூரத்தில் இருந்து வருகிற ஒரு தகப்பன் வந்தான். அடி, இடைவெளி, கால். அடி, இடைவெளி, கால். பாரமான கால் தரையில் உரசுகிற சத்தம் மட்டும் எங்களோடு சேர்ந்து வந்தது. நடு மேடையில் அவர் நின்றார். மகளைக் காண்கிற இடம் அது. பாட்டு ஏறி ஏறிப் போகிறது, அவர் முகத்தைக் கொஞ்சமாக நிமிர்த்துகிறார், அவ்வளவுதான்.

"மறந்திட்டார் போல," என்று மச்சான் இரகசியமாகச் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும். "உஸ்" என்றது என் மனைவியின் குரல்.

அவர் மறுபடி புறப்பட்டார். நான் அடித்தேன். காத்திருந்தேன். கால் முன்னுக்கு வந்தது. ஆனால் உரசுகிற சத்தம் வரவில்லை. இத்தனை மாதமும் இழுபட்டுக்கொண்டிருந்த காலை அவர் தூக்கி வைத்திருந்தார்.

எனக்கு முன்னதாக அது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. குரல் அப்படியே அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கண்ணீர் சன்ஷினில் விழுந்தது. நரம்பில் இருந்த கையும் நின்றுவிட்டது. சந்தோஷம் ஒரு ஆளை இப்படி வாயடைக்கும் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாட்டு நின்றது. அவருடைய காலும் நின்றது.

ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், பாரம் இரண்டுக்கும் நடுவில். உடம்பு மெல்ல ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. மகள் தன் இடத்தில் இருந்தபடி அவரையே பார்த்தாள். ஓடிவந்து பிடித்தால் அவர் விழமாட்டார். ஆனால் அந்த நிமிடமே அவர் நோயாளி ஆகிவிடுவார். முன் வரிசை முழுவதும் 'ஐயோ பாவம்' என்று சொல்லும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கூத்தில் பிற்பாட்டுக்காரனுக்கு யோசனை கிடையாது. பாடுகிறவனுக்கு மூச்சு முட்டினால் அடியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். என் வாய் தானாகத் திறந்தது. அம்மா விட்ட இடத்தில் இருந்து அந்த அடியை எடுத்தேன். ஒக்கினாவாவில் பிறந்தவர்கள் கேட்டால் காதைப் பொத்துகிற உச்சரிப்பு. இழுப்புக்கு வந்து, நீட்டி, அடித்தேன்.

அடித்ததும் திரைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு பெரிய குரல் அந்த இழுப்பை எடுத்துக்கொண்டது. மச்சான்! ஓர் அடி முடிந்து மேளமும் விழுந்தால் அந்த மனுசனால் சும்மா இருக்க முடியாது. முப்பது வருடப் பழக்கம். யப்பானாக இருந்தால் என்ன, எதுவாக இருந்தால் என்ன. அந்த அம்மாவின் மெட்டிலேயே, எங்கள் கூத்தின் "தானினந் தானா"வைப் போட்டுப் பாடினார். பக்கத்தில் இருந்த பிற்பாட்டுக்காரர் பிடித்தார்கள். அடுத்த வரிசை பிடித்தது. பிறகு பெண்கள். என் மனைவியின் குரலும் கேட்டது, கொஞ்சம் சுருதி விலகி, வழக்கம் போல.

அவருடைய கால் அசைந்தது. முன்னுக்கு வந்தது. ஊன்றியது.

இப்போது எனக்கு வேறு பயம். எங்கள் சனம் இரண்டாம் தரம் பாடும்போது வேகம் கூட்டும். அது இரத்தத்தில் இருக்கிறது. முன் வரிசை ஓடப் பார்த்தது. நான் மேளத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அடித்தேன், காத்திருந்தேன். அவர்கள் முட்டி மோதி நின்று, மேளம் வரும்வரை இழுத்துப் பிடிக்கப் பழகினார்கள். அத்தனை பெரிய குரல்கள் ஒரு காலுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தன. அது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு உடம்பு புல்லரித்தது, சிரிப்பும் வந்தது, கண்ணும் தெரியவில்லை.

அவர் மகளிடம் வந்து சேர்ந்தார். கையை நீட்டி அவளுடைய தோளில் வைத்தார். கதை அங்கே முடிகிறது. பாட்டும் அங்கே முடிய வேண்டும். பின் வரிசையில் கைதட்டல் தொடங்கியது.

முன் வரிசைக்கு அது தெரியவில்லை. பாட்டு முடிந்ததென்று யார் சொன்னது? அவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். நானும் மடையன் போல அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் மகளைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். தோளில் இருந்து கையை எடுத்தார். எடுத்துவிட்டு, மகளைத் தாண்டி நடக்கத் தொடங்கினார்.

நாடகத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. தகப்பன் மகளைத் தாண்டிப் போவதாக யாரும் எழுதவில்லை. மேடை விளிம்பு வரைக்கும் போய், மெல்லத் திரும்பி, மற்றப் பக்கமாக வந்தார். முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்பது இந்த நாடகத்தின் பெரிய சட்டம். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. மகள் எழும்பி, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், அவருடைய அங்கியின் கையைத் தொடாமல் பின்னால் நடந்தாள். எங்கள் சனம் எழும்பி நின்று பாடியது. ஒரு பிள்ளை நாற்காலியில் ஏறி நின்று தாளம் போட்டது. "நல்ல நடிகனடா!" என்று மச்சான் பாட்டுக்கு நடுவில் கத்தினார்.

நான் கையை எடுத்தால் அவர்கள் நிறுத்திவிடுவார்கள். மேளம் என்னிடம்தான் இருந்தது. அம்மாவின் நாடகம், அம்மாவின் சட்டம். நான் அவர் பக்கம் திரும்பினேன். சன்ஷினை மடியில் படுக்கப் போட்டுவிட்டு, திரையோடு முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதாம், நிறுத்தட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னுக்கு நீட்டி ஆட்டினார்.

"வேண்டாம்," என்றார். "அவர் இன்னும் நடக்கிறார்."